அஞ்சரை லட்ச ரூபாய் சரவெடி!

பாஸ், ராத்திரி பதினோரு மணிக்கு, ஹாஸ்டல்ல லைட்டை அணைச்ச பிறகு, போர்வைக்குள்ள மொபைலை வெச்சுக்கிட்டு என்ன பாக்கறீங்க?

சேச்சே... நான் கேட்டது கார் விளம்பரத்தை!

'ஜெர்மன் கார். 2012 மாடல். ஆட்டோமேட்டிக். சன்ரூஃப். லெதர் சீட். விலை 5,75,000 மட்டும்.' புதுசுல நாப்பது லட்சத்துக்கு வித்த வண்டி. இப்போ புது சின்னக் கார் விலைக்குக் கிடைக்குது. கண்ணை மூடினா, நீங்க அந்த வண்டியில காலேஜ் கேட்டுக்குள்ள நுழையறீங்க. செகண்ட் இயர் மொத்தமும் திரும்பிப் பாக்குது. பேக்ரவுண்டுல பாட்டு வேற!

போன வாரம் சிவகாசிப் பக்கம் ஒரு காலேஜ் கேன்டீன்ல, ஒரு தம்பி இதே கனவைத்தான் மொபைல்ல காட்டினார். ஃபைனல் இயர். கேம்பஸ்ல வேலை கிடைச்சாச்சு. "அண்ணே, முதல் வருஷ சம்பளத்தைச் சேர்த்து, மிச்சத்தை அப்பாகிட்ட வாங்கி... தூக்கிடலாமா?"

அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து ஒரு கதை சொன்னேன். மெப்கோ, அய்ய நாடார் ஜானகி அம்மாள், வி.எச்.என்.எஸ்.என்., கலசலிங்கம்னு இந்தப் பக்கத்தைப் படிக்கிற எல்லாருக்கும் இப்போ அதே கதை. டீ மட்டும் உங்க செலவு!

ஹோட்டல் வாசலில் ஆரம்பிச்ச ஆசை

எங்க பெரியப்பா மகன் ஒருத்தர் சிவகாசியில சின்னதா ஆஃப்செட் பிரஸ் வெச்சிருக்கார். ஒரே ஒரு மெஷின். சிங்கிள் கலர். ஆடிப்பெருக்கு அன்னிக்கு புது காலண்டர் ஆல்பம் வெளியாச்சுன்னா, அங்கிருந்து மார்கழி வரைக்கும் மனுஷனுக்குத் தூக்கம் கிடையாது. தை பிறந்தாத்தான் கையில காசு நிக்கும். அப்படி மூணு தை மாசம் சேர்த்து வெச்ச பணம் அஞ்சரை லட்சம். செகண்ட் ஹேண்ட்ல ஒரு ரெண்டு கலர் மெஷின் வாங்க அட்வான்ஸ் கொடுக்கணும்னு வெச்சிருந்தது.

அந்த வருஷம் ஒரு பெரிய பார்ட்டியைப் பார்க்க மதுரையில ஒரு ஹோட்டலுக்குப் போயிருக்கார். போனது டி.வி.எஸ். எக்ஸ்.எல்.ல. "வண்டியை இங்க நிறுத்தக் கூடாது, அந்தப் பக்கம் ஓரமாத் தள்ளிட்டுப் போ"ன்னு வாட்ச்மேன் சொல்லியிருக்கார். பக்கத்துல வந்து நின்ன பெரிய காருக்கு அதே வாட்ச்மேன் சல்யூட் அடிச்சிருக்கார்.

அவ்வளவுதான். ரெண்டே வாரத்துல, 13 வருஷம் ஆன ஒரு ஜெர்மன் கார் அண்ணன் வீட்டு வாசல்ல நின்னுச்சு. நாலு வளையமா, நீல வெள்ளை வட்டமா, நட்சத்திரமான்னு கேக்காதீங்க. அது வேணாம்.

சும்மா சொல்லக் கூடாது... முதல் ராத்திரி எங்க எல்லாரையும் ஏத்திக்கிட்டு விருதுநகருக்கு எண்ணெய் பரோட்டா சாப்பிடப் போனார். திருத்தங்கல் தாண்டினதும் ஒரு அழுத்து அழுத்தினார் பாருங்க... விமானம் கிளம்புற மாதிரி முதுகு சீட்டுல ஒட்டிக்கிச்சு. பரோட்டா கடை வாசல்ல கார் பக்கத்துல அண்ணனை நிக்க வெச்சு, போட்டோ எடுத்து, ஸ்டேட்டஸ் போட்டது யாருன்னு நினைக்கறீங்க? சாட்சாத் அடியேன்தான். அதனால அண்ணனை மட்டும் கிண்டல் பண்ற உரிமை எனக்குக் கிடையாது.

முதல் வெடி... ரெண்டாவது வெடி...

சித்திரையில டயர் போச்சு. சில ஜெர்மன் கார்கள்ல ஸ்டெப்னியே கிடையாது, தெரியுமா? 'ரன் ஃப்ளாட்'னு ஒரு டயர். பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடும். நல்ல விஷயம்தான். ஆனா விலை? நாலு டயருக்கு 72,000 ரூபாய்.

ஆனியில பேட்டரி. கடையில வாங்கி மாட்டிட்டு வந்துடலாம்னு போனார். "அண்ணாச்சி, இது மாட்டினா மட்டும் போதாது. புது பேட்டரி வந்திருக்குன்னு கார் கம்ப்யூட்டர்ல பதிவு பண்ணணும். அந்த மெஷின் நம்மகிட்ட இல்ல"ன்னு சொல்லிட்டாங்க. பேட்டரி, பதிவுக் கூலி எல்லாம் சேர்த்து 24,500.

அப்புறம் முன் சக்கரத்துக்கிட்ட 'கடக் கடக்'. சஸ்பென்ஷன் புஷ், ஆர்ம் எல்லாம் மாத்தினதுல 38,000. அடுத்து ரேடியேட்டர் பக்கம் இருக்கிற பிளாஸ்டிக் டேங்க் வெடிச்சு, கூலன்ட் முழுக்க ரோட்டுல ஊத்தி, கூடவே வாட்டர் பம்ப்பும் மாத்தி 27,000. ஆயில் சர்வீஸ் ரெண்டு தடவை 31,000. இன்ஷூரன்ஸ் ரெண்டு வருஷத்துக்கு 46,000. நடு ரோட்டுல நின்னு ரெக்கவரி வண்டியில ஏத்திக்கிட்டுப் போனது ரெண்டு தடவை, 15,000.

சரவெடியில திரியைப் பத்த வைக்கறது மட்டும்தான் நம்ம வேலை. அப்புறம் அதுவாவே வெடிக்கும். நிறுத்த முடியாது. அண்ணன் கொடுத்த அஞ்சரை லட்சம் இருக்கே... அது திரிக்கு வெச்ச தீக்குச்சி!

பெரிய வெடி அடுத்த வருஷம் ஐப்பசியில. சீசன் உச்சத்துல இருக்கும்போது, கியர் பாக்ஸ். டிரைவ்ல போட்டா வண்டி முக்குது, முனகுது, நகர மாட்டேங்குது. கோயம்புத்தூர் கொண்டு போய்ப் பிரிச்சாங்க. 1,65,000 ரூபாய்.

மெக்கானிக் சொன்ன ஒரு வரி

பில்லைப் பார்த்து அண்ணன் நொந்து போய், "ஏன் சார், கார் விலையே அஞ்சரைதான... கியர் பாக்ஸுக்கு மட்டும் இவ்வளவா?"ன்னு கேட்டிருக்கார். மெக்கானிக் சிரிச்சுக்கிட்டே சொன்னாராம்: "சார், காருக்குத்தான் விலை இறங்கியிருக்கு. பார்ட்ஸுக்கு இறங்கலை. நீங்க வாங்கினது அஞ்சு லட்ச ரூபாய் கார் இல்ல. நாப்பது லட்ச ரூபாய் காரை அஞ்சு லட்சத்துக்கு வாங்கியிருக்கீங்க. ரிப்பேர் மட்டும் நாப்பது லட்ச ரூபாய் காருக்குத்தான்."

பாஸ், இந்த ஒரு வரியை ரெக்கார்டு நோட்டுல முதல் பக்கத்துல எழுதி வெச்சுக்குங்க.

'இப்போ இதெல்லாம் இந்தியாவுலயே தயாரிக்கறாங்களே, அப்புறம் என்ன?'ன்னு நீங்க கேட்கலாம். வாஸ்தவம்தான். மெர்சிடிஸ் பென்ஸ் 1995-ல புனேயில கார் பூட்ட ஆரம்பிச்சது. பி.எம்.டபிள்யூ. 2007 மார்ச்ல நம்ம செங்கல்பட்டுப் பக்கம் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில தொழிற்சாலை திறந்தது. ஆனா ஆரம்ப வருஷங்கள்ல பெரும்பாலான பாகங்கள் வெளிநாட்டுலேர்ந்து பெட்டியில வந்து, இங்கே பூட்டப்பட்டவை. கார் நம்ம ஊர்ல பிறந்திருக்கலாம்... ரத்த குரூப் வேற!

இன்னொண்ணு, இந்தக் கார்கள் கிலோமீட்டர் ஓடித்தான் கெடணும்னு இல்ல. சும்மா நின்னாலும் வயசாகும். ரப்பர் புஷ் வெடிக்கும், பிளாஸ்டிக் டேங்க் மொறுமொறுன்னு ஆகும். சென்சாரும் வயரும் தனித்தனியா மக்கர் பண்ணும். ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் ஆயிலை 'லைஃப்டைம், மாத்தவே வேணாம்'னு சில கார் கம்பெனிகள் சொன்னதுண்டு. ஆனா அந்த கியர் பாக்ஸ்கள்ல நிறையவற்றைச் செய்யற ஜெர்மனியின் இசட்.எஃப். கம்பெனியே, 80,000-லேர்ந்து 1,20,000 கிலோமீட்டருக்குள்ள ஆயிலை மாத்துங்கன்னு சொல்லுது. முதல் ஓனருக்கு அந்தக் கவலை இல்ல, அவர் அதுக்குள்ள வண்டியை வித்துடுவார். மாட்டறது மூணாவது ஓனர்தான்... அதாவது நீங்க!

அந்த நாள் புதுமை இந்த நாள் தலைவலி ஆகறதுக்கு இன்னொரு உதாரணம். 2000-களின் தொடக்கத்துல மெர்சிடிஸ் ஈ கிளாஸ் கார்ல எலெக்ட்ரானிக்ஸ்ல இயங்கற ஒரு பிரேக் சிஸ்டம் வந்தது. அதுக்குள்ள ஒரு கவுன்ட்டர் உண்டு. இத்தனை தடவை பிரேக் அழுத்தியாச்சுன்னு எண்ணிக்கிட்டே இருந்து, கணக்கு முடிஞ்சதும் யூனிட்டை மாத்தச் சொல்லி எச்சரிக்கை கொடுக்கும். 2004, 2005-ல லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைச்சு சரி பண்ணினாங்க. 2006-ல அந்த சிஸ்டத்தையே அந்த மாடல்லேர்ந்து எடுத்துட்டாங்க. அதுக்கு முந்தின வண்டி இன்னிக்கு உங்களுக்கு மலிவா வந்தா... ஏன் மலிவுன்னு புரியுதா?

நம்ம மெட்ராஸ் காருக்கு நடந்தது

இது ஜெர்மன்காரன் பிரச்னை மட்டும்னு நினைச்சுடாதீங்க. 1985-ல மெட்ராஸ் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 'ஸ்டாண்டர்டு 2000'னு ஒரு சொகுசு காரை இறக்கிச்சு. உடம்பு இங்கிலாந்து ரோவர் எஸ்.டி.1. பார்க்க ராஜா மாதிரி இருக்கும். இன்ஜின் மட்டும் பழைய காலத்து நாலு சிலிண்டர், ரெண்டு லிட்டர். வண்டி எடுபடலை. 80-கள் முடியறதுக்குள்ள உற்பத்தியும் நின்னு போச்சு.

வாங்கினவங்க கதி? பார்ட்ஸுக்கு அலைஞ்சதுதான் மிச்சம். பின்னாள்ல, கம்பெனியில பூட்டாம கிடந்த பாகங்களை இங்கிலாந்துல இருக்கிற ரிம்மர் பிரதர்ஸ்னு ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் நிறுவனம் மொத்தமா வாங்கிட்டுப் போயிடுச்சு. வண்டலூர்ப் பக்கம் கிடந்த பாகம் கப்பல் ஏறிப் போய், அங்கே பழைய ரோவர் வெச்சிருக்கிறவங்களுக்கு உதவுச்சு. பழைய கார் வாங்கறதுக்கு முன்னாடி, 'பார்ட்ஸ் எங்க கிடைக்கும்'னு ஏன் கேட்கணும்னு இப்போ தெரியுதா?

சர்க்கார் கணக்கும் உண்டு

ரிப்பேரை விடுங்க. பேப்பர் செலவைப் பாருங்க.

2022 ஜூன் 1-ம் தேதி அமலுக்கு வந்த கட்டணப்படி, தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் மட்டும் 1000 சி.சி. வரைக்குமான காருக்கு 2,094 ரூபாய். 1500 சி.சி.க்கு மேல போனா 7,897 ரூபாய். கார் என்ன விலைக்கு வாங்கினீங்கன்னு அந்தக் கணக்குக்குக் கவலை இல்ல. சி.சி. மட்டும்தான்.

முழு இன்ஷூரன்ஸ் இருந்தாலும் தேய்மானம்னு ஒண்ணு கழிப்பாங்க. ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரி எல்லாத்துக்கும் பாதிதான் கிடைக்கும். 10 வருஷம் தாண்டின வண்டின்னா உலோகப் பாகங்களுக்கும் அதே பாதிதான். அதை விடக் கொடுமை, ரிப்பேர் செலவு காரோட இன்ஷூரன்ஸ் மதிப்புல 75 சதவீதத்தைத் தாண்டினா, 'டோட்டல் லாஸ்'னு கணக்கை முடிச்சுடுவாங்க. மதிப்பு அஞ்சு லட்சம், பார்ட்ஸ் விலையோ நாப்பது லட்ச ரூபாய் காருக்கானது. முன்பக்கம் கொஞ்சம் பலமா இடிச்சாலே கதை முடிஞ்சுடும்.

15 வருஷம் ஆச்சுன்னா ஆர்.சி. புதுப்பிக்கணும். அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை. அதுக்கு 600 ரூபாயா இருந்த கட்டணத்தை 2022 ஏப்ரல்லேர்ந்து 5,000 ஆக்கினாங்க. 20 வருஷம் தாண்டின காருக்கு 10,000-ன்னு 2025 ஆகஸ்ட்ல மறுபடியும் ஏத்தினாங்க. அதுவே இறக்குமதி செஞ்ச காரா இருந்தா 80,000! அதுக்கு மேல பசுமை வரி தனி.

மதினி சொன்ன வார்த்தை

கியர் பாக்ஸ் பில்லுக்குப் பணம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு சொல்லலையே. மதினி கழுத்துச் செயின் அடகுக் கடைக்குப் போச்சு.

மதினி சத்தம் போடலை. அழலை. செயினைக் கழட்டிக் கையில கொடுக்கும்போது ஒண்ணே ஒண்ணு சொன்னாங்க: "மெஷினுக்குன்னா நீங்க கேக்காமயே கழட்டிக் குடுத்திருப்பேன்."

அண்ணன் அதை என்கிட்ட சொல்லும்போது ரோட்டைப் பார்த்துக்கிட்டுச் சொன்னார்.

அந்த ஒரு வார்த்தையிலதான் விஷயமே இருக்கு பாஸ். சிவகாசியில பழைய ஜெர்மன் சரக்கு புதுசா என்ன? எத்தனையோ பிரஸ்கள்ல வெளிநாட்டுலேர்ந்து செகண்ட் ஹேண்டா வந்த ஆஃப்செட் மெஷின்கள்தான் ஓடுது. பல மெஷின் உங்களை விட மூத்தது. பக்கத்து பிரஸ் மெஷினைக் காட்டி பெரியப்பா சொல்வார்: "அது கெட்டா, அது சம்பாதிச்ச காசுலயே அதைச் சரி பண்ணிக்கலாம். உன் கார் கெட்டா, நீ சம்பாதிச்ச காசுல சரி பண்ணணும்."

நம்ம ஊர் சம்பாத்தியமும் சீசன் சம்பாத்தியம். 2018 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் பட்டாசுக்கு நேரக் கட்டுப்பாடும், பேரியம் உப்புக்குத் தடையும் போட்டப்போ, ஆலைகள் மாசக்கணக்கா மூடிக் கிடந்ததை நீங்க சின்ன வயசுல பார்த்திருப்பீங்க. வருமானம் நிக்கலாம். ஆனா காருக்கு அது தெரியாது. அது பாட்டுக்கு அடுத்த வெடிக்கு ரெடியா இருக்கும்.

கடைசியில ஆர்.சி. முடியப் போற நேரத்துல, அண்ணன் காரை 2,40,000-க்குத் தள்ளி விட்டார். உட்கார்ந்து ரெண்டு பேரும் கணக்குப் போட்டோம். விலையில நஷ்டம் 3,10,000. செலவு 4,18,500. மொத்தம் 7,28,500. ஓடினது 11,000 கிலோமீட்டர். அதாவது கிலோமீட்டருக்கு 66 ரூபாய். டீசல் தனி! கிலோமீட்டருக்கு 20 ரூபாய்னு டிரைவரோட வாடகைக் கார் பேசியிருந்தா, அதே தூரத்துக்கு 2,20,000 ஆகியிருக்கும். பின் சீட்டுல கால் மேல கால் போட்டு, வாட்ச்மேன் சல்யூட்டோட!

அப்புறம் அந்தப் பெரிய பார்ட்டி? ஒரு தடவை பிரஸ்ஸுக்கே வந்தார். வாசல்ல நின்ன காரை ஒரு செகண்ட் பார்த்தார். உள்ளே வந்து கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "அந்த ரெண்டு கலர் மெஷின் எப்ப தம்பி வருது?"

ஆசை அடங்கலையா? அப்போ இதைப் பண்ணுங்க!

எனக்கும் ஆசை உண்டு, தடுக்க மாட்டேன். அந்தத் திருத்தங்கல் அழுத்தை இன்னும் மறக்கலை. ஆனா இந்த அஞ்சையும் பண்ணிட்டு வாங்குங்க.

1. கார் விலையில பாதியைத் தனியா பேங்க்ல போட்டு வெச்சுட்டு, மிச்சத்துக்குள்ள கார் தேடுங்க. அந்தப் பாதி இல்லைன்னா, உங்களுக்கு இன்னும் அந்தக் காருக்கான நேரம் வரலை.

2. விக்கிறவர் காட்டற மெக்கானிக் வேணாம். அந்த பிராண்டுல வேலை பார்த்த ஒருத்தரைக் கூட்டிட்டுப் போய், லிஃப்ட்ல ஏத்தி, ஸ்கேனர் மாட்டிப் பாருங்க. அந்தச் சில ஆயிரம்தான் இருக்கிறதிலேயே லாபமான செலவு.

3. சர்வீஸ் பில் கேளுங்க. புக்கை விட பில் முக்கியம். கியர் ஆயில் எப்போ மாத்தினாங்கன்னு பாருங்க. பில் இல்லைன்னா, மாத்தலைன்னு அர்த்தம்.

4. வெள்ளத்துல முங்கின வண்டியான்னு பாருங்க. 2015 டிசம்பர் சென்னை வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம், அதே மாசம் தூத்துக்குடி, நெல்லை வெள்ளம்... எல்லாத்துலயும் கார்கள் முங்கியிருக்கு. சீட்டுக்கு அடியில துரு, கார்ப்பெட்டுக்குக் கீழே மண், சீட் பெல்ட்டை முழுக்க இழுத்தா கறை... இதுல ஒண்ணு இருந்தாலும் திரும்பிப் பார்க்காம வந்துடுங்க.

5. ஆர்.சி.யில முதல் பதிவு தேதி பாருங்க. 15 வருஷத்துக்கு இன்னும் எத்தனை மாசம், லோன் பாக்கி இருக்கா, ஃபைன் பாக்கி இருக்கா, இறக்குமதி வண்டியா... எல்லாம் பார்த்துட்டு அட்வான்ஸ் கொடுங்க.

அண்ணன் இப்போ பழையபடி எக்ஸ்.எல்.தான். மதினி செயின் போன ஆவணியில வீட்டுக்கு வந்துடுச்சு. ரெண்டு கலர் மெஷினுக்கு இந்தத் தையிலதான் அட்வான்ஸ் கொடுத்திருக்கார்.

கேன்டீன் தம்பி கதை முழுசையும் கேட்டார். டீயைக் குடிச்சு முடிச்சார். மொபைலை எடுத்து அந்த விளம்பரத்தை மூடினார். எனக்கு ஒரே பெருமை. ஆஹா, ஒரு உயிரைக் காப்பாத்திட்டோம்!

அப்புறம் மெதுவா கேட்டார்: "சரிண்ணே... பழைய சூப்பர் பைக்னா எவ்வளவு ஆகும்?"

அடுத்த வாரம் பார்ப்போம் பாஸ்!